கருவைத் தீயும் கழுகுமலைக் கல்லும்

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் கால் வைக்க இடமிருக்காது. ஒற்றைக் காலில் தவமிருந்த கோமதியம்மனுக்குச் சுவாமி மாலையில் சங்கரநாராயணராகவும் இரவில் சங்கரலிங்கமாகவும் காட்சி கொடுப்பார். சுற்றுப்பட்டுச் சம்சாரிகள் பருத்தி, வத்தல் என்று தங்கள் வெள்ளாமையை அள்ளிச் சப்பரத்தை நோக்கி வீசுவார்கள். புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, பிரியாணி சாப்பிட்டு, வந்தவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். ஊரைச் சுற்றிக் கிடக்கும் சரித்திரத்தைப் பார்க்க மெனக்கெடுபவர்கள் குறைவு.

கோவிலுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. பாதி சிவன், பாதி திருமால் என்று நிற்கும் சங்கரநாராயணரைத்தான் எல்லோரும் தேடிப்போகிறார்கள். பூலித்தேவர் அறை பலர் கண்ணில் படுவதில்லை. வெள்ளைக்காரக் கும்பினியை எதிர்த்துப் பிடிபட்ட நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் சாமி கும்பிட்டு வருவதாகக் கேட்டு உள்ளே போனார், விலங்குகள் தெறித்து விழுந்தன, ஆள் மறைந்துவிட்டார் என்பது ஊர் நம்பிக்கை.

நம்பிக்கையை விட்டுவிட்டு ஆவணங்களுக்கு வந்தாலும் கதை சளைத்ததில்லை. 1755-இல் கும்பினியின் கர்னல் ஹெரான் படையோடு நெற்கட்டும்செவலுக்கு வந்து, கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். மீரட்டில் சிப்பாய்கள் எழுவதற்கு நூறு வருஷம் முன்னால், வேலூர்க் கலகத்துக்கே அரை நூற்றாண்டு முன்னால்! பிறகு கும்பினிக்காக வந்தவர் யூசுப்கான். திருவிதாங்கூரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட பிறகுதான் 1761-இல் அவரால் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் பிடிக்க முடிந்தது. மூன்றே வருஷத்தில், 1764-இல், அதே யூசுப்கானை மதுரையில் தூக்கில் போட்டார்கள். வாசுதேவநல்லூர் மண்கோட்டையோ அத்தோடு ஓயவில்லை. 1767-இல் டொனால்டு கேம்பெல் மறுபடியும் பீரங்கிகளோடு வரவேண்டியிருந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கரிவலம்வந்தநல்லூர். பழைய பெயர் கருவை. இந்த ஊரோடு தொடர்புடைய தென்காசிப் பாண்டியர்கள் நாடு சுருங்கிப்போன காலத்தில் தமிழில் பெரிய வேலை பார்த்தவர்கள். 'நைடதம்' எழுதிய அதிவீரராமரும், 'பிரமோத்தர காண்டம்' எழுதிய வரதுங்கராமரும் அந்த வம்சம். பிள்ளையில்லாத வரதுங்கருக்கு ஈமக்கடன் செய்தவர் இங்குள்ள கோவிலின் சுவாமி பால்வண்ணநாதரே என்கிறார்கள். வாரிசில்லாத அரண்மனையின் ஏட்டுச்சுவடிகள் கோவிலுக்கு வந்து சேர்ந்தன.

அவற்றைத் தேடித்தான் உ.வே.சாமிநாதையர் கருவைக்கு வந்தார். பாண்டியர் வீட்டு ஏடுகள் என்றால் எவ்வளவு ஆவல் இருந்திருக்கும்! தேவஸ்தானத்தில் கிடைத்த பதிலை 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். பழைய ஏடுகளை வெறுமனே போட்டுவிடக் கூடாது, ஆகமத்தில் சொன்னபடி செய்ய வேண்டும் என்று குழி வெட்டி, அக்கினி வளர்த்து, நெய்யில் தோய்த்து ஆகுதி கொடுத்துவிட்டார்களாம். கறையானோ வெள்ளமோ தின்றிருந்தால் விதி என்று விட்டுவிடலாம். இது பக்தியோடு, முறை தவறாமல் செய்த காரியம். எந்தெந்த நூல்கள் அந்தக் குழிக்குள் போயின என்பதற்குப் பட்டியல்கூட மிஞ்சவில்லை. சங்கரன்கோவில் வட்டாரத்தின் மிகப் பெரிய இழப்பு எது என்று கேட்டால், இடிந்த கோட்டைகளைவிட இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கல்லுக்கு அந்த ஆபத்து இல்லை. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கோவில்பட்டி சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. இன்றைய கணக்கில் அது தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை எல்லாம் ஒரே திருநெல்வேலிதான். பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. அந்த எழுத்துகளில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் இருக்கின்றன. பக்கத்திலேயே வெட்டுவான் கோவில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. எல்லோரா கைலாசநாதர் கோவிலைப்போல உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்டுவிட்டார்கள். விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். பெரும்பாலும் மௌனமாக உபதேசம் செய்கிறவர், இங்கே தாளம் போடுகிறார்.

அந்த மலை முருகன்மேல் காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். சொந்த ஊர் சென்னிகுளம். திருவாவடுதுறையில் உ.வே.சா.விடமே சில காலம் பாடம் கேட்டவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். ரெட்டியார் முப்பது வயதுக்குள் இறந்துபோனார். அவர் கட்டிய சிந்துகளைக் கச்சேரிகளின் கடைசியில் துக்கடாவாக இன்றும் பாடுகிறார்கள்.