வெற்றியின் பங்காளிகள்

சென்ற வாரம் பெர்லின் விழுந்ததோடு நிறுத்தியிருந்தோம். பீரங்கிச் சத்தம் அடங்கிய கையோடு அடுத்த சண்டை தொடங்கிவிட்டது. ஹிட்லரை வீழ்த்தியது யார் என்கிற பங்காளிச் சண்டை. எண்பது வருடமாகியும் பாகப்பிரிவினை முடிந்தபாடில்லை.

1945 மே மாதம் ஐஃபோப் என்ற பிரெஞ்சுக் கருத்துக்கணிப்பு நிறுவனம் தன் நாட்டு மக்களிடம் கேட்டது: ஜெர்மனியின் தோல்வியில் எந்த நாட்டின் பங்கு அதிகம்? சோவியத் யூனியன் என்றவர்கள் 57 சதவீதம். அமெரிக்கா என்றவர்கள் 20. பிரிட்டனுக்குக் கிடைத்தது 12. அதே கேள்வி 2004-இல் மறுபடி கேட்கப்பட்டது. இப்போது அமெரிக்காவுக்கு 58, சோவியத் யூனியனுக்கு 20. கணக்கு அப்படியே தலைகீழ்.

இதில் வியப்பு 2004-இன் பதில் இல்லை, 1945-இன் பதில்தான். அந்த பிரெஞ்சுக்காரர் தன் தெருவில் ஒரு ரஷ்யச் சிப்பாயைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஜீப்பில் வந்து இறங்கியவர்கள் அமெரிக்கர்கள், ஆங்கிலேயர்கள், கனடாக்காரர்கள். அப்படியிருந்தும் ரஷ்யா என்கிறார். ஏன்? ஆக்கிரமிப்புக் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒலியைக் குறைத்துவைத்து, லண்டன் வானொலியை ரகசியமாகக் கேட்டவர் அவர். மாஸ்கோ, ஸ்டாலின்கிராட், குர்ஸ்க் என்று ஜெர்மானியப் படை கிழக்கே அரைபடும் செய்திதான் அவருக்கு முதல் நம்பிக்கை. போர் முடிந்ததும் பாரிஸ் நகரம் ஒரு சதுக்கத்துக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் ஸ்டாலின்கிராட் என்று பெயர் வைத்தது. சொந்த நாட்டில் அந்த ஊருக்கு 1961-இல் வோல்கோகிராட் என்று பெயர் மாறிவிட்டது. பாரிஸில் இரண்டாம் எண் ரயில் பாலத்தின் மேல் ஏறி வந்து நிற்கும் அந்த நடைமேடையில் இன்னமும் பழைய பெயர்ப்பலகைதான்.

அப்போது பிரான்ஸில் கம்யூனிஸ்டுகளுக்குச் செல்வாக்கு அதிகம், அதனால்தான் இந்தப் பதில் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த அக்டோபர் தேர்தலில் அவர்கள் வாங்கியது 26 சதவீத வாக்கு. மீதி 31 எங்கிருந்து வந்தது?

களத்துக்கு வருவோம். 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸின் நார்மண்டியில் நேச நாட்டு வீரர்கள் சுமார் 1,56,000 பேர் இறங்கினார்கள். உலகுக்கே தெரிந்த நாள். அது நடந்து இரண்டு வாரம் கழித்து பெலாரஸில் சோவியத் செஞ்சேனை ‘பாக்ரேஷன்’ என்ற தாக்குதலைத் தொடங்கியது. சில வாரங்களில் ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதி சிதறியது. ஏறத்தாழ 28 டிவிஷன்கள் காலி. ஜெர்மானிய ராணுவம் அதுவரை கண்டிராத தோல்வி. ஜூலை 17 அன்று சுமார் 57,000 கைதிகளை மாஸ்கோ வீதிகளில் நடத்திச் சென்றார்கள். ஊர்வலத்தின் வாலில் தெரு கழுவும் தண்ணீர் லாரிகள் வந்தன. அவர்கள் நடந்த தடமே மிஞ்சக்கூடாதாம்!

நார்மண்டிக்கு 1962-இல் ‘தி லாங்கஸ்ட் டே’ வந்தது. 1998-இல் ‘சேவிங் பிரைவேட் ரயான்’ வந்தது. பாக்ரேஷன் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? பனிப்போர், மார்ஷல் திட்டத்தின் டாலர், ஹாலிவுட் எல்லாமாகச் சேர்ந்து 57-ஐ 20 ஆக்கின. சோவியத் மக்களில் இறந்தவர்கள் சுமார் 2.7 கோடி. அமெரிக்கர்கள் சுமார் 4 லட்சம்.

இங்கேயே முடித்தால் மாஸ்கோவுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவர்களும் கத்தரிக்கோல் பிடித்தவர்கள்தான். சோவியத் திட்டத்துறைத் தலைவர் வோஸ்னெசென்ஸ்கி போருக்குப் பின் எழுதிய புத்தகத்தில், நேச நாடுகள் அனுப்பிய உதவி உள்நாட்டு உற்பத்தியில் வெறும் 4 சதவீதம் என்று ஒதுக்கித் தள்ளினார். (1950-இல் ஸ்டாலின் ஆட்சி அவரையே சுட்டுக் கொன்றது, அது தனிக்கதை.) அந்த 4 சதவீதத்துக்குள்தான் 4 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளும் லாரிகளும், சுமார் 2,000 ரயில் என்ஜின்களும், விமானப் பெட்ரோலும், டின்னில் அடைத்த பன்றி இறைச்சியும் அடக்கம். புகழ்பெற்ற காத்யுஷா ராக்கெட்டுகள் பல ஏறி நின்றது அமெரிக்க ஸ்டூடிபேக்கர் லாரியின் முதுகில். அந்த இறைச்சி இல்லாவிட்டால் படைக்குச் சோறு போட்டிருக்க முடியாது என்று குருஷ்சேவே பிற்பாடு தன் நினைவுக்குறிப்புகளில் ஒப்புக்கொண்டார்.

என் கணிப்பு இது: இந்த உதவியில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது ஸ்டாலின்கிராடுக்குப் பிறகு. ஆக ஹிட்லரைத் தடுத்து நிறுத்தியது பெரும்பாலும் சோவியத் ரத்தம். அவரைத் துரத்திக்கொண்டு பெர்லின்வரை அவ்வளவு வேகமாக ஓடியது அமெரிக்கச் சக்கரம். இன்னொன்றையும் மாஸ்கோ சொல்லாது. அவர்கள் கொண்டாடும் போர் 1941 ஜூன் 22-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் ஒப்பந்தம் போட்டு ஹிட்லருக்கு எண்ணெயும் தானியமும் அனுப்பியது, போலந்தைப் பாதியாகப் பங்குபோட்டது, பிரிட்டன் ஒரு வருடம் குண்டுமழையில் தாக்குப்பிடித்தது எதுவும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

பெரிய பங்காளிகளின் சத்தத்தில் சின்னவர்களின் குரல் எடுபடவில்லை. இத்தாலியின் மான்டே கசினோ குன்றில் 1944-இல் கொடி ஏற்றிய போலந்துப் படை, 1946 ஜூனில் லண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் இல்லை. போலந்தில் அமைந்த ஸ்டாலினின் கைப்பாவை அரசை பிரிட்டன் அதற்குள் அங்கீகரித்துவிட்டது. அதே கசினோவில் மாதக்கணக்கில் மடிந்தவர்களில் நம் நான்காம் இந்திய டிவிஷன்காரர்களும் உண்டு. 25 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவத்தின் பங்கு பிரிட்டனின் 12 சதவீதத்துக்குள்ளேயே கரைந்துபோனது.

இப்போது சோவியத்தின் பங்கையே கூறுபோடுகிறார்கள். செஞ்சேனையில் பல லட்சம் உக்ரைனியர்கள் இருந்தார்கள். பெலாரஸ் தன் மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவரை இழந்தது. ஆனால் உக்ரைன் இல்லாமலும் ஜெயித்திருப்போம் என்று 2010-இல் சொன்னார் புடின். 2023-இல் உக்ரைன் தன் வெற்றி நாளை மே 9-இலிருந்து மே 8-க்கு மாற்றிக்கொண்டது. நார்மண்டி தரையிறக்கத்தின் நினைவு விழாவுக்கு 2004-இல்தான் முதன்முதலாக ஒரு ரஷ்யத் தலைவரை அழைத்தார்கள். 2024-இல் ரஷ்யாவுக்கு அழைப்பில்லை. அந்த விழாவில் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி இருந்தார்.

மே 8-ஆ, மே 9-ஆ? ஒரே ஜெர்மனி ஏன் இரண்டு தடவை சரணடைந்தது? ரெய்ம்ஸ் நகரில் மேலிடத்து உத்தரவு வருவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்ட சோவியத் ஜெனரலின் கதையை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)