பெண் கைதிகள், ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டோர்

1788 முதல் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட சுமார் 25,000 பெண்கள். பெரும்பாலோர் இளவயது வீட்டு வேலைக்காரிகள். எஜமானரின் துணிமணி, கடைத்துணி போன்ற சில்லறைத் திருட்டுகளே குற்றம். குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டுகள். காலம் முடிந்தால் ஊர் திரும்பத் தடையில்லை. கப்பல் கட்டணத்துக்குத்தான் வழியில்லை.

சிறுமி மேரி வேட், இன்னொரு சிறுமியின் உடைகளைப் பறித்ததற்காக 1789இல் லண்டனில் தூக்குத் தண்டனை பெற்றார். அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட, 1790இல் 'லேடி ஜூலியானா' கப்பலில் சிட்னி சேர்ந்தார்.

வான் டீமன்ஸ் லாண்டில் (இன்றைய டாஸ்மேனியா) ஹோபார்ட் நகரை ஒட்டி 1828இல் கேஸ்கேட்ஸ் பெண்கள் தொழிற்கூடம் திறக்கப்பட்டது. பெயர்தான் தொழிற்கூடம்: சிறை, சலவைக்கூடம், பிரசவ விடுதி, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் இடம் எல்லாம் அதுவே. வேலைக்குப் போன வீட்டில் கர்ப்பமானாலும் தண்டனை பெண்ணுக்குத்தான். குழந்தை பால்குடி மறந்ததும் தாயைத் தொழிற்கூடத்தின் தண்டனைப் பகுதியான 'குற்றப் பிரிவில்' அடைத்துத் துணி துவைக்க வைப்பார்கள். ஈரம் படிந்த அக்கட்டடத்தில் கைக்குழந்தைகள் ஏராளமாக இறந்தன.

1841இல் 'ராஜா' கப்பலில் வந்த பெண்கள், சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃபிரை தொடங்கிய மகளிர் சங்கம் கொடுத்த ஊசி, நூல், துண்டுத்துணிகளைக் கொண்டு பயணத்திலேயே பெரிய போர்வை ஒன்றைத் தைத்தனர். 2,815 துண்டுகள் கொண்ட அது, இன்று கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தல் 1853இல் நின்றது.