மழைக்கு நின்ற அப்பளம்



தமிழ்நாட்டில் அரசின் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். அதுவரை நம்ம போச்சம்பள்ளியும் தர்மபுரிதான். அன்று முதல் சேமிப்பு, கடன் பற்றி நிறைய பேசியிருக்கோம். தொழிலில் நட்டம் வந்து மனசு உடைந்தால் என்ன செய்வது என்று பேசியது குறைவு. அதனால் நமக்கு முப்பது வருஷம் மூத்த ஒரு பெண்கள் சங்கத்தின் வரலாற்றை எழுதுகிறேன்.

1959 மார்ச் 15. மும்பை கிர்காவ் பகுதியில் ஒரு மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் போட்டாங்க. முதல், 80 ரூபாய் கடன். முதல் நாள் சரக்கு நாலு பாக்கெட். அதுதான் இன்றைய லிஜ்ஜத் அப்பளம். நட்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தாங்க.

அந்த முதல் வருஷமே மழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாமல் அப்பளம் காயுமா? நாலு மாசம் வேலை நின்றது. அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினாங்க. கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்துக் காய வைத்தாங்க. மழை பெய்தாலும் வேலை நிற்கலை.

கஷ்டம் அதோடு முடியலை. 1961-ல் மலாடில் கிளை தொடங்கினாங்க, ஓடலை. 1968-ல் குஜராத் வாலோடில் தொடங்கியது நிலைத்தது. பிற்பாடு தீப்பெட்டி, ஊதுபத்தி செய்து பார்த்து, சரிவராமல் விட்டாங்க. அப்பளத்தை விடலை. லாபமோ நட்டமோ உறுப்பினர் எல்லாருக்கும் பங்கு. இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்காங்க. அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மாவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தாங்க.

எங்கள் குழுவில் ஐந்து பேர் அரிசி வடகம் போட்டு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விற்கிறோம். போன ஐப்பசி அடைமழையில் போட்டதெல்லாம் பூசணம் பிடித்துப்போச்சு. ரெண்டு பேர் வருத்தத்தில் கூட்டத்துக்கே வருவதில்லை. மற்ற மூன்று பேரும் நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். நட்டம் எவ்வளவு, எதனால் வந்தது, அதில் நம்ம கையில் இருப்பது எது என்று தனித்தனியாக எழுதினோம். மழை நம்ம கையில் இல்லை. மழைக்கு முன்னாடி எவ்வளவு போட்டு வைப்பது, மழையில் எப்படி உலர்த்துவது, இவை நம்ம கையில்தான் இருக்கு. உலர்த்த ஒரு பரண் கட்ட உள்கடன் கேட்டிருக்கோம்.

வராமல் இருக்கும் ரெண்டு பேரும் இதைப் படிப்பீங்க. நட்டத்தை ஐந்தாகத்தான் பிரித்து எழுதியிருக்கோம். வரப்போகும் லாபத்துக்கும் அதே ஐந்து பங்குதான். அடுத்த கூட்டத்துக்கு வந்துடுங்க.