எயிற்பட்டினம் முதல் நெடுந்தீவு வரை

தொண்டை நாட்டுப் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்று இரும்பை மாகாளம். கி.பி. 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியுள்ளார். அதே சம்பந்தர் ஈழத்துத் தலங்களான திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடியுள்ளார். ஆயினும் இவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. ஈழத் தலங்கள் இரண்டையும் அவர் இராமேச்சுரத்தில் நின்று கடலுக்கு இப்பாலிருந்தே பாடினார் என்பது மரபு. பதிகம் கடலைக் கடந்தது, பாடியவர் கடக்கவில்லை. ஆனால் அவர் பாடிய நாளில் அக்கடலைக் கடந்து வணிகரும் வீரரும் துறவியரும் ஓயாது போய்வந்தனர் என்பதில் ஐயமில்லை. அவ்வாறு போய்வந்தோரின் வழி எது, எவ்வாறு மாறிற்று, எவ்வாறு அடைபட்டது, இன்று எவ்வளவு திறந்துள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரும்பைக்கு வடகிழக்கே கழுவெளி ஏரியும், அதன் முகத்துவாரத்தை அடுத்து மரக்காணத்து உப்பளங்களும் பரந்து கிடக்கின்றன. இன்று உப்புக்கும் மீனுக்கும் மட்டுமே பெயர்பெற்ற இக்கரை, ஒருகாலத்தில் துறைமுகமாக விளங்கியது. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரியக் கடற்செலவு' என்னும் நூல், சோழமண்டலக் கரையின் துறைகளைக் கமரா, பொதுகே, சோபட்மா என்று வரிசைப்படுத்துகிறது. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்பர். பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்பதற்கு, 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு நடத்திய அகழாய்வு வலுவூட்டியது. சோபட்மா என்பது சோப்பட்டினம். 'சோ' என்றாலும் 'எயில்' என்றாலும் மதிலே பொருள். ஆகவே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும் சோபட்மாவும் ஒன்றே எனவும், அதுவே இன்றைய மரக்காணம் எனவும் ஆய்வாளர் பலர் கொள்வர். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணன் முதலில் அடையும் ஊர் அது. அங்குப் பரதவர் மகளிர் அவனுக்கு விருந்து செய்கின்றனர். அரண்மனைக்கு முன்னால் ஒரு நெய்தல் ஊரை வைத்த நத்தத்தனாரின் வழிக்குறிப்பு இடவியலுக்கும் பொருந்தி வருகிறது.

கிரேக்க மாலுமியின் குறிப்பில் மற்றொரு செய்தி பெரிதும் கவனிக்கத்தக்கது. இத்துறைகளில் நின்ற கலங்களை அவர் மூவகையாகப் பிரிக்கிறார். கரையோரமாகவே மேற்குக் கரை வரை செல்பவை ஒருவகை. மரங்களைப் பிணைத்துக் கட்டிய 'சங்கரம்' என்னும் பெருங்கலங்கள் மற்றொருவகை. கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் ஓடுபவை மூன்றாம் வகை. அதாவது, அயலூருக்குப் போகும் கலம் வேறு, ஆழ்கடல் கலம் வேறு. அடுத்த கரைக்குச் செல்வது இங்கு வீரச்செயலாகக் கருதப்படவில்லை. அது அன்றாடத் தொழில்.

துறை தூர்ந்த பின்னரும் இக்கரையினர் நீர்வழியை விட்டுவிடவில்லை. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கப்பெற்ற காக்ரேன் கால்வாய் சிறிது சிறிதாக நீண்டது. 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் கூலியாக வந்தவர்களின் உழைப்பால் மேலும் வெட்டப்பட்டு, 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. அதன் தென்கோடி மரக்காணம். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இங்கிருந்து கோல் ஊன்றியும் கயிறு கட்டி இழுக்கப்பட்டும் சென்னை சென்றன. பஞ்சத்தில் வெட்டிய வாய்க்காலுக்கு வெட்டியவர் பெயர் ஒன்றும் இல்லை; கோமகன் பெயர்தான் நின்றது. பின்னர்ப் புயல்களாலும் சாலைப் போக்குவரத்தாலும் கால்வாய் பயனிழந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை சீரமைக்கப்பெற்ற பின்னர், சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் பேருந்துகள் உப்பளங்களின் ஓரமாகவே விரைகின்றன.

இனி, கடலைக் கடக்கும் வழிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கைக்குச் சென்றோருள் மிகப் பெரும்பான்மையர் தோட்டத் தொழிலாளர்களே. காப்பித் தோட்டக் காலத்தில் அவர்கள் ஊரிலிருந்து கரை வரை நடந்தனர். தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்கினர். பின்னர் மாத்தளை வரை காட்டுவழியே மீண்டும் நடந்தனர். தண்ணீர் இல்லாத அந்த வழியில் காலராவுக்கும் பசிக்கும் மாண்டோர் பலர். கடற்பகுதி சில மணி நேரம். தரைப்பகுதியே உயிரைக் குடித்தது. கடல் கடப்பதைப் பற்றிய அச்சக் கதைகளில் இவ்வுண்மை பெரும்பாலும் மறைந்துபோகிறது.

1914இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு பிப்ரவரியில் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டது. தொடர்ந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. இடைவெளி ஏறத்தாழ 22 மைல். தென்னிந்திய ரயில்வே இதற்கென வாங்கிய கப்பல்களுக்கு கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயர்களை இட்டது. சென்னை எழும்பூரில் பயணச்சீட்டு வாங்கியவர், அதே சீட்டில் கடலையும் கடந்து, மறுகரையில் காத்திருக்கும் ரயிலில் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். மக்கள் அந்த வண்டியை 'போட் மெயில்' என்றனர். செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகவே அது சென்றமையால், மரக்காணக் கரையினருக்கும் இலங்கை ஒரு ரயில் நிலையத்தின் தொலைவில் இருந்தது எனலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே பயணமன்று. செல்வரும் அலுவலரும் நேரே கப்பலேறினர். தோட்டத்துக்குச் செல்வோர் மண்டபம் முகாமில் இறக்கப்பட்டு, நோய்த்தடுப்பின் பெயரால் நாள்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டனர். ஒரே வண்டி, ஒரே கடல், இரண்டு வாயில்கள்.

அவ்வாயில்களும் குறுகின. தோட்ட வேலைக்கு ஆள்செல்வதை இந்திய அரசு 1939இல் தடைசெய்தது. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் அங்கு இயற்றப்பட்டது. அதன் பின்னர் ஆவணமின்றி வருவோரைக் குறிக்கக் 'கள்ளத்தோணி' என்ற சொல் பெருவழக்காயிற்று. தோணி நூற்றாண்டுகளாக ஓடிய அதே தோணிதான்; இடையில் சட்டம் வந்ததால் அதற்குக் 'கள்ள' என்னும் அடை சேர்ந்தது. பின்னாளில் அச்சொல், இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர்மீதும் வசையாக எறியப்பட்டது. கடலைக் கண்டறியாத குழந்தைகூடத் தோணியில் வந்ததாக இழிக்கப்பட்ட கொடுமை இது.

1964ஆம் ஆண்டின் இறுதி இவ்வழியின் வரலாற்றில் இருமடங்கு துயரமானது. அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டது 1974இல். பங்கிடப்பட்டோரின் கருத்து எங்கும் கேட்கப்படவில்லை. உடன்படிக்கைக்கு இரண்டு மாதம் முடியுமுன், டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஐந்து லட்சம் பேரைக் கொண்டுவர ஒப்புக்கொண்ட நாட்டிடம், அவர்கள் வந்திறங்க வேண்டிய துறை இல்லாமற்போயிற்று.

பின்னர்க் கப்பல் இராமேச்சுரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. 'இராமானுஜம்' என்ற கப்பலின் பெயரைத் தாயகம் திரும்பியோர் இன்றும் மறக்கவில்லை. தகரப் பெட்டியும் பாய்ச்சுருட்டும் சில பாத்திரங்களுமாக ஏறியவர்கள், தாத்தன் நடந்துபோன கரையில் இறங்கி மண்டபம் முகாமுக்கே மீண்டும் சென்றனர். போகும்போது நிறுத்திவைத்த முகாம், திரும்பும்போதும் நிறுத்திவைத்தது. 1983ஆம் ஆண்டு இனப்படுகொலைக்குப் பின் அதே முகாம் ஏதிலியரை ஏற்றது. 1984இல் கப்பல் நின்றது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் பாக்குநீரிணையைக் கடந்தோர் மீனவர், படையினர், இரவில் படகேறிய ஏதிலியர் ஆகியோரே.

போர் 2009இல் முடிந்தது. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கிய 'ஸ்கோஷியா பிரின்ஸ்' சில மாதங்களிலேயே நின்றது. பெரிய கப்பல், நீண்ட வழி, குறைந்த பயணிகள்: நிற்காமல் வேறென்ன செய்யும்? 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' என்னும் விரைவுக் கப்பல் விடப்பட்டது. 150 பேர் செல்லக்கூடிய கலம். தொலைவு ஏறத்தாழ 60 கடல் மைல். நேரம் நான்கு மணிக்குள். நாகைக்குப் பயணிகள் கப்பல் புதியதன்று. 'ரஜூலா' பல்லாண்டுகள் நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆளேற்றிச் சென்றது. ஆயினும் 'செரியபாணி'க்கு விதிக்கப்பட்ட கட்டணம் வரியுடன் 7,670 ரூபாய். காரைக்காலிலோ மரக்காணத்திலோ வலைபின்னும் ஒருவர், யாழ்ப்பாணத்துக்கு மணமுடித்துச் சென்ற அக்காளைப் பார்க்க இத்தொகையைத் தரமுடியுமா என்று திட்டமிட்டோர் எண்ணியதாகத் தெரியவில்லை. பருவமழையைக் காட்டிச் சில நாட்களிலேயே அதுவும் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16இல் தனியார் நிறுவனம் ஒன்று 'சிவகங்கை' என்ற கப்பலை, முன்னையதிலும் குறைந்த கட்டணத்தில் விட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு நின்று, 2025 பிப்ரவரி 22இல் மீண்டும் தொடங்கியது. மழைக்காலத்தில் நிற்பதைக் குறைகூறுவது முறையன்று. பாய்மரத் தோணிகளும் காற்றின் பருவம் பார்த்தே ஓடின. பருவம் திரும்பியதும் தோணி தவறாமல் திரும்பியது என்பதே வேறுபாடு.

எனவே இரும்பைப் பக்கத்திலிருந்து ஒருவர் புதுச்சேரி சென்று, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாகப் பேருந்தில் நாகையை அடைந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கும் வழி மீண்டும் உருவாகியது. வழியில் வரும் சீர்காழி, சம்பந்தர் பிறந்த ஊர் என்பது தற்செயலே. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் பேருந்தில் ஒரு மணிக்கும் குறைவான பயணம். அங்கும் வழி முடிவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைக் கடற்பாதையைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியே செல்லும் பேருந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கிறது. அங்கிருந்து படகில் நயினாதீவு இருபது நிமிடம். நெடுந்தீவு ஒரு மணி நேரம். இருபுறமும் ஆழமற்ற கடல் கிடக்க, நடுவே கல்லடுக்கிப் போட்ட பாதையில் பேருந்து செல்லும்போது, அது பேருந்தா படகா என்ற மயக்கம் புதிதாக வருவோர்க்கு எழுவதுண்டு.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்குப் பல்லாயிரவர் இவ்வழியே வருவர். மணிமேகலை கூறும் மணிபல்லவம் இத்தீவே என்று அறிஞர் சிலர் கருதுவர், ஏற்காதவரும் உளர். இதனினும் உறுதியான சான்று அங்குள்ள கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. சிங்கள மன்னனின் அவ்வாணை தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. அயல்நாட்டு வணிகர் ஊர்காவற்றுறையில் வந்திறங்கிப் பாதுகாப்பாகத் தங்குதல் வேண்டும் என அது விதிக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய கலம் உடைந்தால் பாதி, பாதி. கரையொதுங்கிய பொருளெல்லாம் அரசனுக்கே என்று பல நாடுகள் கொண்டிருந்த காலத்தில், இவ்வாணை கடல்வழி வருவோரை விருந்தினராகவே கருதியது. இக்கல்லை நவீனக் குடிவரவு அலுவலகங்களின் வாயிலில் நட்டுவைத்தால் தவறில்லை.

நெடுந்தீவின் கதை வேறு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் கோட்டை இடிபாடும், பவளக்கற்களை அடுக்கிய வேலிச்சுவர்களும், கட்டாக்காலிக் குதிரைகளும் காண்பதற்காக இன்று சுற்றுலாவினர் படகேறுகின்றனர். தீவு மக்களுக்கோ அப்படகே மருத்துவமனைக்கும் மேற்படிப்புக்கும் சந்தைக்கும் உரிய தெரு. 1985 மே 15ஆம் நாள் காலை, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' என்ற படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் அதில் வெட்டிக் கொல்லப்பட்டனர். செய்தவர் இலங்கைக் கடற்படையினரே என்று உயிர்தப்பியோர் கூறினர். அரசு அதனை ஏற்கவில்லை. ஆண்டுதோறும் மே 15 அன்று அவர்களுக்கு நினைவஞ்சலி நடைபெறுகிறது. அது முடிந்த மறுநாளும், குறிகட்டுவானில் பேருந்துக்கு நிற்பவர்கள் நெடுந்தீவிலிருந்து படகில் வந்தவர்களே.