குழந்தைக்குத் தனிக் கட்டில் வந்த வரலாறு

தொட்டிலை விட்டு இறங்கிய குழந்தையை எதில் படுக்கவைப்பது என்ற கேள்வி, மேலைநாடுகளில் 19ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலான குடும்பங்களில் எழவே இல்லை. தொட்டில் பழமையானது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது புதையுண்ட ஹெர்குலேனியம் நகரில், கரிந்துபோன மரத் தொட்டில் ஒன்று குழந்தையின் எலும்புகளோடு கிடைத்தது. தொட்டிலுக்கும் பெரியவர்களின் கட்டிலுக்கும் இடையில், குழந்தைக்கென்றே செய்த கட்டில்தான் மிகவும் பிந்தி வந்தது.

ஐரோப்பாவில் கட்டில் என்பது பலர் சேர்ந்து படுக்கும் இடமாகவே இருந்தது. லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1590ஐ ஒட்டிச் செய்யப்பட்ட ‘வேர் பெருங்கட்டில்’ இருக்கிறது. அதன் அகலம் 3 மீட்டருக்கும் மேல். அது வேர் என்ற ஊரின் சத்திரத்துக்குக் கூட்டம் சேர்க்கச் செய்த வேடிக்கைப் பொருள்தான். ஆனால் அந்நியர்களோடு ஒரே கட்டிலில் படுப்பதை அன்றைய பயணிகள் விசித்திரமாகக் கருதவில்லை. வசதியுள்ள வீடுகளில் பெரிய கட்டிலின் அடியில், சக்கரம் வைத்த தாழ்வான கயிற்றுக் கட்டில் ஒன்று இருக்கும். இரவில் அதை வெளியே இழுத்து வேலைக்காரரையும் பிள்ளைகளையும் படுக்கவைப்பார்கள், காலையில் உள்ளே தள்ளிவிடுவார்கள். குழந்தைக்குக் கிடைத்த முதல் ‘சரியான’ கட்டில் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்லலாம். அதுவும் அதற்கு மட்டும் உரியதல்ல. ஏழை வீடுகளில் தாய், தகப்பன், அண்ணன், அக்கா எல்லோருக்கும் ஒரே வைக்கோல் மெத்தை.

குழந்தையைத் தனியே படுக்கவைக்கும் எண்ணம் அச்சத்தில் பிறந்தது. தூக்கத்தில் தாயோ செவிலியோ புரண்டு குழந்தை மூச்சுத்திணறி இறந்துவிடும் என்ற பயம் இடைக்காலம் முழுவதும் இருந்தது. கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கக் கூடாது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ஆயர்கள் தாய்மாரை எச்சரித்தார்கள். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தார் இதற்கு ஒரு கருவியே செய்துவைத்திருந்தார்கள். அதன் பெயர் ‘ஆர்குச்சோ’. குழந்தையின் மேல் கூடாரம்போல வளைந்து நிற்கும் மரச்சட்டம் அது. செவிலி புரண்டாலும் அவள் உடல் எடை சட்டத்தின்மேல் விழும், குழந்தைமேல் விழாது. பால் கொடுக்க வசதியாகப் பக்கத்தில் ஒரு வெட்டும் உண்டு. 1730களில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் இதைப் பற்றிய குறிப்பை வெளியிட்டது. கட்டிலைப் பிரிக்காமலே குழந்தையைப் பிரித்துவைத்த நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் மற்ற நாடுகளில் அது வேரூன்றவில்லை.

பிற்காலத்தில் தீர்வு தேடியது சட்டம். 1908இல் இங்கிலாந்தின் குழந்தைகள் சட்டம், குடிபோதையில் படுத்தவரின் பக்கத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை மூச்சுத்திணறி இறந்தால் அதைத் தண்டனைக்குரிய அலட்சியமாக்கியது. அப்படி இறந்ததாக எழுதிவைக்கப்பட்ட பல குழந்தைகள் உண்மையில் காரணம் தெரியாத திடீர் மரணத்துக்கு இரையானவை என்றே இன்றைய வரலாற்றாசிரியர்கள் நினைக்கிறார்கள். அன்றோ பழி தாய்மேல் விழுந்தது, அதிலும் ஏழைத் தாய்மேல். தொட்டில் வாங்கக் காசில்லாதவர்களுக்கு, கடைக்காரரிடம் கிடைக்கும் வாழைப்பழப் பெட்டியையே படுக்கையாக மாற்றிக்கொள்ளச் சுகாதார ஊழியர்கள் கற்றுக்கொடுத்தார்கள். பின்லாந்து அரசு 1938இல் ஏழைத் தாய்மாருக்குக் குழந்தைத் துணிகள் நிறைந்த அட்டைப்பெட்டியைக் கொடுக்கத் தொடங்கியது. 1949 முதல் அது எல்லாத் தாய்மாருக்கும் உரியதானது. துணிகளை எடுத்துவிட்டால் பெட்டியே குழந்தையின் முதல் படுக்கை.

இதற்கிடையில் கட்டிலின் உருவமும் மாறியது. கைக்குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றிக் கட்டுவதை ஆங்கில மருத்துவர் வில்லியம் கேடகன் 1748இல் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அந்த வழக்கம் மெல்ல மறைந்தது. கட்டிவைத்த குழந்தை எங்கும் போகாது. கை கால் உதைத்துப் புரளும் குழந்தைக்குத்தான் நான்கு பக்கமும் தடுப்பு வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் தொழிற்சாலைகள் இரும்பு, பித்தளைக் கட்டில்களைப் பெருமளவில் வார்த்துத் தள்ளின. மரக்கட்டிலின் இடுக்குகளில் குடியிருந்த மூட்டைப்பூச்சிக்கு இரும்பில் இடம் குறைவு, துடைப்பதும் எளிது. நாற்புறமும் கம்பி வைத்த உயரமான இரும்புக் கட்டில் குழந்தைகள் மருத்துவமனைகளிலும் நடுத்தர வர்க்கத்து வீடுகளிலும் இடம்பிடித்தது. 1894இல் நியூயார்க் மருத்துவர் எம்மெட் ஹோல்ட், குழந்தை வளர்ப்புப் பற்றித் தாம் எழுதிய கையேட்டில் குழந்தைக்குத் தனிக் கட்டில் வேண்டும், ஆட்டித் தூங்கவைப்பது தேவையற்றது என்று அடித்துச் சொன்னார். பல பதிப்புகள் கண்ட நூல் அது. ஆடும் தொட்டில் போய் அசையாத கம்பிக் கட்டில் வந்ததில் அதற்கும் பங்குண்டு.

சுத்தமான காற்றின்மேல் அக்காலத்தவருக்கு இருந்த மோகம் இன்று சிரிப்பு மூட்டும். ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடும் கம்பிக் கூண்டுக்கு 1922இல் அமெரிக்காவில் ஒரு பெண் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1930களில் தோட்டமில்லாத லண்டன் அடுக்குமாடி வீடுகளில் சில குழந்தைகள் உண்மையிலேயே அப்படிக் கூண்டுகளில் தூங்கின.

கம்பிக் கட்டில் பழைய ஆபத்தைத் தீர்த்துப் புதியதைக் கொண்டுவந்தது. 1914இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் தாமஸும் பிளாக்ஃபனும் ஒரு சிறுவனின் மரணத்தைப் பற்றி எழுதினார்கள். அவன் தன் கட்டில் கம்பியிலிருந்த வெள்ளைப் பெயின்ட்டைக் கடித்துத் தின்று, ஈய நஞ்சேறி இறந்தவன். பல் முளைக்கும் குழந்தை கைக்கெட்டிய எதையும் கடிக்கும். அதன் வாய் உயரத்தில் நின்ற கம்பியிலோ ஈயம் பூசியிருந்தது. மருத்துவ உலகுக்கு இது தெரிந்த பிறகும், வீட்டுப் பயன்பாட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை அமெரிக்கா தடைசெய்தது 1978இல்தான். அறுபத்து நான்கு ஆண்டுத் தாமதத்துக்கு அறியாமை காரணமல்ல, பெயின்ட் வியாபாரத்தின் செல்வாக்கே பெரிய காரணம்.

கம்பிகளுக்கிடையேயான இடைவெளி அடுத்த சிக்கல். உடல் நுழைந்து தலை மாட்டிக்கொண்டால் குழந்தை தொங்கிவிடும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1972இல் அமைந்ததும், மறு ஆண்டே இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாதென்று விதி வகுக்கப்பட்டது. ஒரு பக்கத்தை இறக்கி ஏற்றும் கட்டில், குனிய முடியாத தாய்மாருக்கு வசதியாக இருந்தது. அதன் கொக்கிகள் தேய்ந்து பக்கம் சரிந்தால், மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் குழந்தை சிக்கும். 2000க்குப் பின் பத்தாண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட இறப்புகள் இதனால் நேர்ந்தன. 2011 ஜூன் 28 முதல் அமெரிக்காவில் அத்தகைய கட்டிலைச் செய்யவும் விற்கவும் தடை. பழையதை விற்கவும் கூடாது.

கம்பியே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். 1907இல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் பள்ளி தொடங்கிய மரியா மொண்டிசோரி, குழந்தை தானே ஏறி இறங்கக்கூடிய தாழ்வான படுக்கையே போதும் என்றார். கம்பிக் கட்டில் பெரியவர்களின் வசதிக்காகக் கட்டிய சிறை என்பது அவர் எண்ணம். தரையில் பாய் விரித்துப் படுக்கும் நாடுகளுக்கு இது புதுமையல்ல. ஐரோப்பாவுக்கு அது புரட்சியாகத் தெரிந்தது.

கம்பிக் கட்டிலிலிருந்து எப்போது இறக்குவது என்பதற்கு இன்று வயதைவிட உயரமே அளவு. குழந்தை 35 அங்குலம், அதாவது 89 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டால் தடுப்பைத் தாண்டி விழும் என்பதால், அதற்குமுன் கட்டிலை மாற்றச் சொல்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள். கம்பிக் கட்டிலுக்கும் பெரியவர்களின் கட்டிலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பவே, பழைய மெத்தையை அப்படியே போட்டுக்கொள்ளக்கூடிய, ஏறக்குறைய 71க்கு 133 சென்டிமீட்டர் அளவுள்ள தாழ்வான சிறு கட்டில் சந்தைக்கு வந்தது. பக்கத்தில் அரைத் தடுப்பு, தரையிலிருந்து கையளவு உயரம், அவ்வளவுதான். அதற்கும் 2011இல் அமெரிக்கா தனி விதி எழுதியது. 15 மாதம் நிறையாத குழந்தைக்கும், 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தைக்கும் அந்தக் கட்டில் உரியதல்ல. அதேபோல், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஆறு வயதுக்குட்பட்டவரைப் படுக்கவைக்கக் கூடாது.