ஒரு பெயர், மூன்று ஊர்கள்

ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் ஒரு சிறு வரலாறு. அதனை இட்டவர் எங்கிருந்து வந்தனர், எவரைப் போற்றினர், எதனை மறவாதிருந்தனர் என்பனவற்றை அப்பெயரே எடுத்தியம்பும். அமெரிக்க நாட்டின் படத்தை விரித்து நோக்குவோர் ஒன்று கண்டு வியப்பர். ஒரே பெயர் பல மாநிலங்களில் மீண்டும் மீண்டும் காணப்படும். புதுப்பெயர் படைக்க மாட்டாத மக்கள் போலும் என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு ஃபேயட்வில் என்னும் பெயரே சான்று பகரும்.

1777ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதே நிரம்பிய பிரெஞ்சுப் பிரபு ஒருவர் அமெரிக்க விடுதலைப் போரில் துணைநிற்கக் கடல் கடந்து வந்தார். அவரே லாஃபயேட். அவ்வாண்டிலேயே பிராண்டிவைன் போர்க்களத்தில் காலில் குண்டடி பட்டார். அந்நாட்டு மக்கள் அந்நன்றியை மறந்தாரல்லர். வடகரோலினாவில் கேப் பியர் ஆற்றையொட்டிக் கிராஸ் கிரீக், கேம்பல்டன் என்னும் இரண்டு சிற்றூர்கள் இருந்தன. 1778இல் அவை ஒன்றாயின. 1783இல் அவ்வூர் லாஃபயேட்டின் பெயரால் ஃபேயட்வில் எனப் பெயர் பெற்றது. 1825ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், முதுமை எய்திய லாஃபயேட் தம் பெயர் தாங்கிய அவ்வூருக்கே வந்து மக்களின் வரவேற்பைப் பெற்றார்.

அதற்குள் அப்பெயர் மேற்கு நோக்கி நடந்துவிட்டது. நிலம் தேடி மலைத்தொடரைக் கடந்த குடும்பங்கள் டென்னசி மாநிலத்தில் குடியேறின. 1809இல் அங்கு லிங்கன் மாவட்டம் அமைந்தது. அதன் தலைமையூருக்கு, வடகரோலினாவிலிருந்து வந்தோர் தாம் விட்டு வந்த ஊரின் பெயரையே இட்டனர். இஃது இரண்டாம் ஃபேயட்வில்.

மூன்றாவது ஆர்கன்சாவில் எழுந்தது. 1828இல் தோன்றிய வாஷிங்டன் மாவட்டத்தின் தலைமையூர் முதலில் வாஷிங்டன் என்றே வழங்கிற்று. ஆனால் அவ்வாட்சிப் பகுதியிலேயே வாஷிங்டன் என மற்றோர் ஊர் முன்னரே இருந்தது. குழப்பம் நேராவண்ணம் 1829இல் பெயர் மாற்றப்பட்டது. ஊரமைக்கும் குழுவினருள் இருவர் டென்னசியின் ஃபேயட்வில்லிலிருந்து வந்தவர். ஆகவே அப்பெயரே நிலைத்தது. முதலூரில் அப்பெயர் ஒரு வீரர்க்குச் செலுத்திய நன்றி. பின்னிரண்டு ஊர்களில் அது பிரிந்து வந்த ஊரின் நினைவு. பெயர் ஒன்றே, பொருள் வேறு.

வெவ்வேறு மாநிலங்களில் ஒரே பெயர் இருப்பின் இடரில்லை. ஒரே மாநிலத்தில் இருப்பின் கடிதங்கள் தடம் மாறும். அதனால் அஞ்சல் துறையே சில ஊர்களுக்குப் புதுப்பெயர் தேட வைத்தது. ஆரிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றுக்கு முதலில் கருதிய பெயர் வேறோர் ஊர்ப்பெயரை ஒத்திருந்தமையால் ஏற்கப்படவில்லை என்பர். பின்னர் அவ்வூர் கொண்ட பெயர் மெட்ராஸ்! கடையில் இருந்த மெட்ராஸ் துணிக்கட்டைக் கண்டு அப்பெயரைத் தேர்ந்தனர் என்பது அங்கு வழங்கும் செய்தி. நம் நெசவாளர் கைவண்ணம் அவ்வளவு தொலைவு சென்று ஓர் ஊருக்கே பெயராயிற்று.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஆர்கன்சாவின் ஃபேயட்வில் எழுந்த நிலம் வெற்றிடமன்று; ஓசேஜ் என்னும் தொல்குடியினர் வேட்டையாடித் திரிந்த காடு அது. அவர்தம் மொழியிலும் அங்குள்ள குன்றுக்கும் ஓடைக்கும் பெயர்கள் இருந்திருக்கும். வந்தவர் தம் பழைய ஊரை மறவாது பெயரிட்டபோது, அங்கிருந்தோரின் நினைவு மறைக்கப்பட்டது.

பிறந்த ஊரின் பெயரை நெஞ்சில் சுமந்து செல்வது மாந்தர் இயல்பு. அதனைப் பழித்தல் தகாது. எனினும் சென்ற இடத்தின் பழம்பெயரையும் கேட்டறிந்து போற்றுதல் குடியேறியோர் கடன். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர்க்கு மூன்று ஃபேயட்வில்களும் உணர்த்தும் பாடம் இதுவே.