கருவேலும் கரிமூட்டமும்: காரியாபட்டி வட்டாரத்தின் மர வரலாறு

கரிசல் நிலத்து மக்கள் பேச்சில் ‘காடு’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ‘காட்டுக்குப் போகிறேன்’ என்று சொல்லிக் காலையில் புறப்படும் பெண், விலங்குகள் வாழும் வனத்திற்குச் செல்வதில்லை. பருத்தியோ கம்போ விளையும் மானாவாரி நிலத்திற்கே செல்கிறாள். பருத்திக்காடு, கம்மங்காடு, மிளகாய்க்காடு என்பன அவள் அறிந்த காடுகள். அரசின் ஏடுகளில் காடு என்பது எல்லைக்கல் நட்டு, காவலர் நிறுத்திய நிலம். காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தின் மர வரலாறு, இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று அறியாமற்போன வரலாறேயாகும்.

விருதுநகர் மாவட்டத்தின் காப்புக்காடுகள் மேற்கே மலையடிவாரத்தில் உள்ளன. அங்கே 1988இல் சாம்பல்நிற அணில்களுக்குச் சரணாலயம் அமைந்தது. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. கிழக்கே குண்டாறு பாயும் இவ்வறண்ட நிலத்திற்கு அத்தகைய பெருமை எதுவுமில்லை. ஆண்டிற்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். ஆயினும் மரமின்றி இம்மண் இருந்ததில்லை. கருவேலும் வெள்வேலும் குடைவேலும் பனையும் இம்மண்ணுக்குரியன. கலப்பைக்கும் வண்டிக்கும் கருவேல் மரம் பயன்பட்டது. அதன் பட்டை தோல் பதனிடவும், நெற்று ஆடுகளுக்குத் தீனியாகவும் உதவியது. அய்யனார் கோயில் தோப்புகளில் ஒரு கிளையை ஒடிக்கவும் மக்கள் அஞ்சினர். எடுப்பதற்கு ஓரிடம், எடுக்கலாகாததற்கு ஓரிடம் என்ற வரையறை, சட்டமின்றியே நிலவியது.

1803ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டம் இராமநாதபுரச் சீமையை ஜமீனாக்கியது. 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தபோது அரசின் நாட்டம் மலைக்காடுகளின்மீதே படிந்தது. விடுதலைக்குப்பின் 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நிலம் கைமாறும் காலத்தில் தனியார் காடுகள் வரைமுறையின்றி அழியாதிருக்க, 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கண்மாய்க் கரையிலும் புறம்போக்கிலும் நின்ற மரங்களின் நிழலில் ஆடு மேய்த்தோரும் சுள்ளி பொறுக்கியோரும் இச்சட்டங்கள் எவற்றிலும் முதன்மை பெறவில்லை என்பது கருதத்தக்கது.

இந்நிலையில்தான் சீமைக்கருவேலின் கதை தொடங்குகிறது. காமராசர் ஆட்சிக்காலத்தில் இது தமிழகம் வந்தது என்பது மக்கள் வழக்கு. உண்மையில் அமெரிக்கக் கண்டத்துத் தாவரமாகிய இதன் விதைகள், 1870களின் பிற்பகுதியிலேயே சென்னை மாகாண வனத்துறையினரால் ஜமைக்காவிலிருந்து தருவிக்கப்பட்டுக் கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டன. வறண்ட நிலத்தின் விறகுப் பஞ்சம் தீர்ப்பதே நோக்கம். நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை ஊர்தோறும் பரவியது. மழை பொய்த்து நிலங்கள் தரிசாகக் கிடந்தபோது, உழவன் விட்டுச்சென்ற இடத்தில் அம்மரம் குடியேறியது.

அரசு மீண்டும் மரம் நட முனைந்ததும் உண்டு. 1981இல் சுவீடன் நாட்டு உதவியுடன் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் தமிழகத்தில் தொடங்கிற்று. கண்மாய் உட்பகுதிகளில் கருவேலங்கன்றுகள் நடப்பெற்றன. நோக்கம் நல்லதே. ஆனால் கன்று மரமாகும்வரை ஆடுகள் உள்ளே வரலாகாது. முற்றிய மரம் ஏலத்திற்குப் போகும். ஏலத்தொகை கட்டவல்லவன் வேறு. அக்கண்மாயில் அதுவரை ஆடு மேய்த்தவன் வேறு. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கையும், 1990இல் மைய அரசு வெளியிட்ட கூட்டுவன மேலாண்மைச் சுற்றறிக்கையும் மக்களின் பங்கை ஏற்றுக்கொண்டன. 1997இல் சப்பானிய உதவியுடன் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. ஆனால் இவை பெரிதும் காப்புக்காடுகளை ஒட்டிய ஊர்களையே கருதின. காப்புக்காடே இல்லாத கரிசற்காட்டு ஊர்கள் விலகியே நின்றன.

அரசுத் திட்டம் சேராத இடத்தில் சீமைக்கருவேல் சேர்ந்தது. அதை வெட்டிக் கரியாக்குவது, நிலமற்றோரின் கோடைக்காலத் தொழிலாயிற்று. வெட்டிய கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, மேலே மண்பூசி மூடி, ஒருபுறம் தீயிடுவர். மூட்டம் பல நாட்கள் உள்ளுக்குள்ளேயே புகையும். மண்பூச்சில் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்தால் கட்டை முழுதும் சாம்பலாகும். ஆகவே இரவிலும் ஒருவர் கண்விழித்துக் காத்தல் வேண்டும். கண் எரிச்சலும் நெஞ்சடைப்பும் தொழிலின் கூலியோடு கூட வருபவை. மழை தவறிய ஆண்டில் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது இவ்வுழைப்பினாலேயே. எனினும் அம்மரத்தால் விளைந்த கேடும் மெய். தன்னடியில் பிற செடிகளை வளரவிடாது. கண்மாயை அடைத்து நீர்வரத்தை மறிக்கும். தரிசை மீண்டும் விளைநிலமாக்க முனைவோர்க்குப் பெருஞ்செலவு வைக்கும்.

2017இன் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சீமைக்கருவேலை அகற்றுமாறு கடுமையாக ஆணையிட்டது. தென்மாவட்டங்களில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டில், அறிவியல் ஆய்வு வேண்டும் என்ற முறையீட்டின்பேரில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றி, இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு வெளியிட்டது. நடுக என்ற ஆணைக்கும் பிடுங்குக என்ற ஆணைக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு கடந்தது. இரண்டு ஆணைகளிலும் மூட்டம் காப்பவனின் சொல் கேட்கப்படவில்லை.

இது காரியாபட்டிக்கு மட்டும் நேர்ந்ததன்று. கென்ய நாட்டின் பரிங்கோ பகுதியில் 1980களில் இதே மரவினம் நடப்பெற்றது. இனிப்பு நெற்றைத் தின்று பல்லிழந்த ஆட்டை நீதிமன்றத்திற்கே கொண்டுசென்று அங்குள்ள மேய்ச்சல் மக்கள் வழக்காடினர். பின்னர் அம்மரத்தைக் கரியாக்கி விற்றுப் பிழைத்தோரும் அப்பகுதியினரே. சாபமும் சோறும் ஒரே மரத்தில் காய்த்தன.

பாலையைத் தனிநிலமாகக் கொள்ளாது, பிற நிலங்கள் வெம்மையால் திரிந்த நிலையாகக் கண்டது சிலப்பதிகாரம். திரிந்தது எனின் திரும்பவும் கூடும் என்பது அதனுள் அடங்கிய நம்பிக்கை. ஆனால் மரத்தை மட்டும் மாற்றுவதால் நிலம் திரும்பாது. கண்மாய் தூர்வார வேண்டும். அகற்றிய இடத்தில் கருவேலும் வெள்வேலும் பனையும் நிற்க வேண்டும். அவை வளரும் ஆண்டுகளில் கரிமூட்டத் தொழிலாளிக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் வேறு கூலி கிடைக்க வேண்டும். நடுதலும் காத்தலும் அக்கூலியாகவே அமையலாம். அவ்வாறு காத்த மரத்தின் பயனில் அவர்களுக்கு உரிமைப்பங்கு எழுத்தில் வர வேண்டும். வறட்சியைச் சொல்ல வேலமரத்தை உவமையாக்கும் புலவர்கள் இனி அதன் அருகே புகையும் மூட்டத்தையும், இரவெல்லாம் விழித்திருக்கும் அவ்விரு கண்களையும் காணுதல் நன்று. அவை பாட்டில் இடம்பெறும் நாளில், ‘காடு’ என்ற சொல்லின் இரு பொருள்களும் ஒன்றையொன்று அறியத் தொடங்கும்.